வாசல் தெளிக்காத நாலு நாள்

பழங்காநத்தத்தில் நாங்கள் இருந்த வீட்டின் கொல்லைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்பக்கம் திறந்தால் ஆட்டுக்கல்லில் இடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் அதை அப்படி மாற்றி மாட்டினார். பழைய மரக்கடையில் பேரம் பேசி வாங்கி வந்த கதவு அது. வெளிப்பக்கம் திறக்கிற கதவுக்குக் கீலும் வெளியில்தான் இருக்கும், கீலின் ஸ்க்ரூவும் வெளியில்தான் இருக்கும் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கதவு கனமாக இருக்கிறது, யானை முட்டினாலும் அசையாது என்று அவர் தட்டித் தட்டிக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. வீட்டில் ஐந்து பேர். மில் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், அத்தை, என் வீட்டுக்காரர், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நாத்தனார், பிறகு நான். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. அந்த வீட்டில் என் வார்த்தைக்கு எவ்வளவு எடை இருந்தது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் கார்த்திகையில் பின் தெருவில் பூட்டியிருந்த இரண்டு வீடுகளில் திருட்டுப் போனது. எங்கள் வீட்டில் நாத்தனாரின் கல்யாண நகைகள் முழுசாக வந்து சேர்ந்திருந்த சமயம். மாமா தன் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் அதில்தான் போட்டிருந்தார். மாசியில் கல்யாணம். அதுவரைக்கும் நகையைக் காப்பாற்றியாக வேண்டும். வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மாமா பேங்க்கில் லாக்கர் கேட்டுப் போனார். டெபாசிட் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். டெபாசிட் போட வேண்டிய பணம்தான் நகையாகி மஞ்சள் துணியில் மூட்டை கட்டிக் கிடந்தது. முன்வாசலுக்குக் கிரில் கேட் போடலாம் என்று என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறைக்குப் போனார். விலையைக் கேட்டுவிட்டு, அங்கே கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார்.

அதன் பிறகு அவருடைய சிக்கன மூளை வேலை செய்யத் தொடங்கியது. காயலான் கடையில் உடைந்த பாட்டில் வாங்கி வந்து சுற்றுச்சுவர் மேல் சிமென்ட் வைத்துப் பதித்தார். அதில் முதலில் கிழிந்தது அவருடைய சட்டைதான். பிறகு முன்கதவுக்குக் குறுக்காக ஓர் இரும்புப் பட்டை, அதில் தொங்க ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவியே என் உள்ளங்கை நீளம். அதற்கும் பிறகு ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று தகரத்தில் எழுதி மாட்டினார். நாய் இல்லை. ஒரு நாய் என்றாலும் பரவாயில்லை, நாய்களாம். தெருப் பெண்கள், “உங்க வீட்டு நாய்க தூங்கிருச்சா?” என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார்கள். மாமாவின் பெரிய செருப்பு ஒரு ஜோடி எப்போதும் வாசலில் கிடக்க வேண்டும் என்று உத்தரவு. தடியான ஆம்பளை ஒருவர் உள்ளே இருப்பதாகத் திருடன் நினைத்துக்கொள்வானாம். மாமா ஒட்டடைக்குச்சி போல இருப்பார், கால் மட்டும்தான் பெரிசு.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் சிரித்தவர் எங்கள் தெருவுக்கு ரோந்து வரும் போலீஸ்காரர். முனைக் கடையில் மாட்டியிருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்.

“பூட்டு கீட்டெல்லாம் வீட்டுக்காரங்க மனசு ஆறதுக்கும்மா. பின் தெருவுல போச்சுல்ல ரெண்டு வீடு, ரெண்டுலயும் மூணு நாளா வாசத் தெளிக்கல. அவன் பூட்டப் பாக்குறதில்ல, வாசலத்தான் பாக்குறான். வாசக் காஞ்சு கெடந்தா உள்ள ஆளில்லன்னு தெரிஞ்சுக்கிருவான்” என்றார்.

எனக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. பைசா செலவில்லாத யோசனை. அதுவும் பொம்பளை செய்கிற காரியத்தில் இருக்கிற காவல். இரும்புப் பட்டைக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவில் எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்ட ஆசை வந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த ஆசையைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்கழி பிறந்த ஒரு வாரத்துக்குள் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இல்லாமல் அத்தை இருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துக் கஞ்சி காய்ச்ச நான் வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணைத் தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. மொத்த வீடும் கிளம்பியது. நகையை அத்தை யாரிடமும் கொடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவும் பயம். அரிசி டிரம்மின் அடியில் வைத்து, மேலே ஒரு மூட்டை அரிசியைக் கொட்டினோம்.

எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிற அக்கா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தெருக்கோடியில் ஓட்டு வீடு. என்னைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். அந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில், அத்தையின் வாய்க்குப் பயந்து கொல்லையில் நின்று அழுத நாட்களில், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்று பாத்திரம் கழுவித் தந்தவர் அவர். அவரிடம் கோலமாவு டப்பாவையும் ஆறு கலர்ப்பொடிப் பொட்டலங்களையும் கொடுத்தேன்.

“அக்கா, யாரு என்ன சொன்னாலும் சரி, நாங்க வர்ற வரைக்கும் ஒரு நாள்கூட விட்ரக் கூடாது. சும்மா இழுத்துவிட்டுப் போற கோலம் ஆகாது. ஆளிருக்க வீடு மாதிரி இருக்கணும்.”

“நீ கவலப்படாமப் போயிட்டு வா தாயி. தெருவுல ஒன் வாசல்தான் பெருசா இருக்கும்” என்றார்.

சொன்னபடியே செய்திருக்கிறார். மார்கழி என்பதால் தினமும் பூசணிப்பூ வைத்து, கலர் கொடுத்து, வாசலை அடைத்துக் கோலம். எதிர் வீட்டுக்கு நான் போன் செய்தபோதெல்லாம், “உங்க வாசலத் தாண்டிப் போக முடியல, அம்புட்டுப் பெரிய கோலம்” என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும், “பரவால்லயே, ஒன் ஐடியா” என்றார். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் மாமா இறந்துவிட்டார்.

வேன் பிடித்து, பணம் கட்டி, கையெழுத்துப் போட்டுக் கிளம்புவதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம், கிடைக்கவில்லை. அவர்கள் கொண்டாட்டத்தில் இருந்திருக்கிறார்கள். வழியில் ஒரு டெலிபோன் பூத்தைத் திறக்க வைத்துப் பேசி, விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் தகவல் சேர்ந்தது. வெளிச்சம் வந்த பிறகு வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

தெரு முழுவதும் கோலம். எங்கள் வாசலில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிசு. ரோஜா கலரும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு தேர். அதன் கீழே இங்கிலீஷில், முழ நீள எழுத்தில், ‘ஹேப்பி நியூ இயர்’. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர் வீட்டு வாசலைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து வைத்திருக்கிறார். எங்களுக்காக, ஆளிருக்கும் வீடு மாதிரி.

தகவல் வந்த பிறகு ஒரு மணி நேரம் தெருவில் எல்லாரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள். பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நாற்காலி இறக்கியிருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை. நாங்கள் அதைப் பார்க்கிற அழகைப் பார்க்க நின்றார்களோ என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அத்தை வேனிலிருந்து இறங்கினார்கள். கோலத்தைப் பார்த்தார்கள். அழுகை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, தெருவே கேட்கும்படி, “எம் புருசன் பொணமா வர்றப்ப ஹேப்பி நியூ இயர் எழுதிப் போட்டு வரவேக்குறியாடி?” என்றார்கள்.

வேன் கோலத்தின் மேலேயே பின்பக்கமாக வந்து நின்றது. மாமாவை இறக்கியவர்களின் காலில் எல்லாம் கலர்ப்பொடி. அந்தக் கால்களோடு உள்ளே வந்தார்கள், கூடம் முழுவதும் ரோஜா கலர்த் தடம். நான் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வாசலில் செருப்புகள் குவிந்தன. அவற்றுக்கு நடுவே, திருடனுக்காக நாங்கள் விட்டுப் போன மாமாவின் செருப்பும் கிடந்தது.

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் மாமாவைப் பற்றிக் கேட்டார்கள், இரண்டாவதாகக் கோலத்தைப் பற்றிக் கேட்டார்கள். மாமாவின் சொந்த ஊர் எழுமலையிலிருந்து வந்த பங்காளி வீட்டுப் பெண்கள் அதற்குக் கண் காது மூக்கு வைத்தார்கள். மருமகள் கோயம்புத்தூரிலிருந்தே போன் போட்டுக் கோலம் போடச் சொன்னாள் என்று ஒரு கதை. மாமனார் எப்போது போவார் என்று காத்திருந்தாள் என்று இன்னொன்று. நான் காவலுக்குச் செய்தேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நான் மன்னிக்கவில்லை. பின்னால் அதே மௌனத்தை நானும் கற்றுக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

அக்கா அன்று மத்தியானம் கொல்லை வழியாக வந்து நின்று அழுதார். “எனக்கு யாரும் சொல்லலையே தாயி. நாலு மணிக்கே போட்டுட்டுப் போயிட்டேன். தெரிஞ்சா இப்பிடிச் செய்வேனா?” நான், “நீங்க நான் சொன்னதச் செஞ்சீங்க, போங்கக்கா” என்றேன். அத்தை உள்ளிருந்து, “அவள இனிமே இந்த வாசல்ல கால் வைக்க வேணாம்னு சொல்லு” என்று குரல் கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி பொங்கலை ஒட்டி வந்தது. பங்காளிகள் எல்லாம் எழுமலையில் இருப்பதால் அங்கேதான் செய்ய வேண்டும் என்றார்கள். போகிக்கு முதல் நாள் கிளம்பி, கருமாதி முடித்து, மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. மறுபடியும் வீடு பூட்டு. மறுபடியும் நகை அரிசி டிரம்மில். துக்க வீட்டு நகையை இந்த நேரத்தில் வெளியே எடுப்பதே ஆகாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள்.

துக்க வீட்டில் கோலம் கிடையாது. அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் பொங்கலுக்குத் தெருவில் அத்தனை வாசலும் நிறைந்திருக்கும்போது எங்கள் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தோன்றியது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் பால் வாங்க முனைக்குப் போனேன். அக்கா எனக்காக அங்கே காத்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“தாயி, நாலு நாள் பூட்டியிருக்கப் போறீகளாம். கோலம் கூடாது, சரி. வெறுந்தண்ணியத் தெளிச்சுக் கூட்டி விட்டுட்டுப் போறேன். அது ஒண்ணும் குத்தமில்ல. வாச ஈரமா இருந்தா ஆளிருக்க மாதிரி இருக்கும்ல.”

நியாயமான பேச்சு. சாவு வீட்டில் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நான் ‘சரிக்கா’ என்று சொல்லியிருந்தால் போதும். அத்தைக்குத் தெரியப்போவதும் இல்லை. ஆனால் எனக்குள் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் சேர்ந்த ஆத்திரம் இருந்தது. இவர்கள் வீட்டைக் காப்பாற்ற நான் ஒரு யோசனை சொன்னேன், அதற்கு ஊர் முன்னால் என்னைக் காறித் துப்பினார்கள். இனிமேல் இவர்கள் வீடாச்சு, இவர்கள் பூட்டாச்சு. என்னவாவது போகட்டும்.

“ஒண்ணும் வேணாம்க்கா. தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாசல் காஞ்சே கெடக்கட்டும்” என்றேன்.

“இல்ல தாயி, நகையெல்லாம்...” என்று இழுத்தார்.

“வேணாம்னா விடுங்களேன்” என்று எரிந்து விழுந்தேன். பாலை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து வந்தோம். முன்கதவில் இரும்புப் பட்டை அப்படியே இருந்தது. திண்டுக்கல் பூட்டு ஒரு கீறல் இல்லாமல் தொங்கியது. என் வீட்டுக்காரர் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்து, பெருமையாகச் சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே போனால் கூடத்தில் வெயில் அடித்தது. கொல்லைக் கதவு கழற்றப்பட்டு ஆட்டுக்கல்லின்மேல் பதனமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீலின் ஸ்க்ரூக்களை யாரோ வெளியிலிருந்து நிதானமாகக் கழற்றி, ஒன்றுகூடத் தொலையாமல் படியில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தான். சமையலறை முழுவதும் அரிசி. டிரம் கவிழ்ந்து கிடந்தது. அத்தை அரிசியின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் அளைந்தார்கள். நாத்தனார் சுவரோரமாக நின்றாள். அவள் அழவே இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

போலீஸ் வந்தது. மோப்ப நாய் வந்து, தெருமுனை டீக்கடை வரை ஓடிப் படுத்துக்கொண்டது. எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் அந்தப் போலீஸ்காரரும் வந்தார். வாசலில் நின்று, காய்ந்து வெடித்த மண்ணைப் பார்த்தார். அதில் கலர்ப்பொடியின் கறை மட்டும் மங்கலாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். “சொன்னேன்லம்மா” என்று மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “வீடு பூட்டியிருக்கும்னு யாருக்கெல்லாம் தெரியும்? வேலைக்காரங்க யாரும் உண்டா?”

அத்தை யோசிக்கவே இல்லை. “வாசத் தெளிக்கிறவளுக்குத் தெரியும். நான்தான் அவள வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்தக் கோவம் இருக்கும்” என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். “கடைசியா அந்தப் பொம்பளைய எப்ப பாத்தீங்க? எதுவும் பேசுச்சா?”

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அத்தை, என் வீட்டுக்காரர், நாத்தனார், எழுமலையிலிருந்து கூட வந்த இரண்டு பங்காளிகள். கிளம்பிய அன்று காலையில் முனையில் பார்த்தேன், வாசல் தெளித்து விடுகிறேன் என்று அவராகவே கேட்டார், திருட நினைக்கிறவர் அப்படிக் கேட்பாரா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, “நீங்க என்ன சொன்னீங்க?” என்பதுதான். வாசல் காய்ந்தே கிடக்கட்டும் என்று சொன்னதை நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்?

“பாக்கல சார்” என்றேன்.

அக்காவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள், காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் விட்டார்கள். வீட்டையும் புரட்டிப் போட்டார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷனுக்குப் போய் வந்த பொம்பளையை எந்த வீட்டில் வாசலில் ஏற்றுவார்கள்? நாலைந்து வீடும் ஒரே வாரத்தில் நின்றுபோனது. நகை கிடைக்கவில்லை. நாத்தனார் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போய், என் நகைகளைப் போட்டு நடந்தது. நானாகவே கழற்றிக் கொடுத்தேன். ஊரே மெச்சியது. இப்படி ஒரு மருமகள் கிடைக்க வேண்டும் என்று எழுமலைப் பெண்களே சொன்னார்கள். அத்தைகூட என்னிடம் குரலை இறக்கிப் பேசத் தொடங்கினார்கள். நான் கொடுத்தது எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அது கொடுக்க வேண்டியவருக்குப் போய்ச் சேரவும் இல்லை.

அக்கா ஒருமுறைதான் வந்தார். ஸ்டேஷனிலிருந்து விட்ட மறுவாரம். கதவு மாட்டுகிறவர் கொல்லைக் கதவை இந்த முறை உள்பக்கம் திறக்கும்படி மாட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கல்லைக் கொல்லையில் தூக்கிப் போட்டாயிற்று. அக்கா சந்துப் பக்கமாக வந்து, படிக்கு வெளியிலேயே நின்று, ஒரு பையை நீட்டினார். கோலமாவு டப்பாவும் மிச்சக் கலர்ப்பொடியும். ஒவ்வொரு பொட்டலத்தையும் நூல் போட்டுக் கட்டியிருந்தார்.

“இதுல உங்க சாமான்லாம் சரியா இருக்கா பாத்துக்கங்கம்மா” என்றார்.

தாயி இல்லை, அம்மா. நீ இல்லை, நீங்க. நான் பையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் அத்தை இருந்தார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு முனையில் பேசிய அதே தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

“தண்ணி தெளிக்கவான்னு நான் கேட்டேன்ல. அத மட்டும் நீங்க சொல்லியிருக்கலாம்ல?”

கதவு மாட்டுகிறவர் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “எல்லாம் சரியா இருக்கு” என்றேன்.